தீர்மானமும் தண்ணீரும்



நகராட்சி என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது மகத். சவுதார் குளத்தைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிடுவதாக மகத் நகராட்சி 1924இல் தீர்மானம் போட்டது. ஆனால் நம் மக்களால் குளத்தில் கை வைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் திரண்டு போய்த்தான் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். அதற்காக அடிபட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது.

பல்லுயிர்ப் பாதுகாப்பைப் பேச வந்த இடத்தில் மகத் எதற்கு? ஏரியும் மீனும் மூலிகையும் விதையும் இன்று உள்ளாட்சித் தீர்மானங்களுக்குள் வந்துவிட்டன என்பதால்தான். 2010இல் ஜப்பானின் நகோயாவில் கூடிய உலக மாநாடு, பல்லுயிரைக் காப்பதில் நகரங்களுக்கும் மாநில அரசுகளுக்கும் தனிச் செயல்திட்டம் வகுத்தது. அதற்கு முன்பே, இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வேண்டும் என்றது. ஊர் மக்களைக் கலந்து பதிவேடு எழுதுவது அக்குழுவின் முதல் வேலை. எந்த ஏரியில் என்ன மீன், எந்த மேட்டில் என்ன மூலிகை, அவற்றை அறிந்தவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

குழுவில் யார் இருப்பது? தலைவர் நீங்கலாக ஆறு பேர் வரை என்றன 2004ஆம் ஆண்டு விதிகள். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர். ஆறு பேரில் ஒருவரை மட்டும் போட்டால் 18 எட்டாது, இருவர் வேண்டும். இந்தக் கணக்கை எத்தனை ஊர்களில் நாம் கேட்டிருக்கிறோம்?

2020 ஜனவரிக்குள் குழுக்களையும் பதிவேடுகளையும் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று 2019இல் பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்தது. நாடெங்கும் பத்தாயிரத்துக்கும் குறைவாக இருந்த குழுக்கள், சில ஆண்டுகளில் இரண்டு லட்சத்தைத் தாண்டின. கெடுவுக்காக எழுதும் பதிவேட்டில் சேரியின் குரல் ஏறுவது கடினம்.

காஞ்சிபுரத்துக்கு வருவோம். 2021இல் மாநகராட்சியான ஊர் இது. பாலாற்றோடு திருமுக்கூடலில் சேரும் வேகவதி, பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்பெற்ற இந்நகரின் சாயக்கழிவையும் சாக்கடையையும் பல்லாண்டாகச் சுமக்கிறது. ஆற்றை மீட்க வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் மீட்பு என்றதும் முதலில் பெயர்க்கப்படுவது கரையோரக் குடிசைதான். அம்மக்களுக்காகக் கீழ்க்கதிர்ப்பூரில் 2,000க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. குடிசையை நகர்த்தினால் சாயத்தண்ணீர் நின்றுவிடாது. கழிவைச் சுத்திகரிப்பதும், ஆற்றில் விடுவோரைத் தடுப்பதும் உள்ளாட்சியும் அரசும் செய்ய வேண்டிய வேலை.

வேறு வழியும் உண்டு என்பதற்கு இருளர்கள் சாட்சி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும், அதன் பின் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அவர்கள் பிழைப்பைப் பறித்தன. 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டிலேயே விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. காட்டை அறிந்தவர்களை விரட்டாமல் பொறுப்பில் அமர்த்தியதால் பாம்பும் பிழைத்தது, மனிதரும் பிழைத்தார்கள்.

2023இல் சட்டம் திருத்தப்பட்டது. 2024இல் புதிய விதிகள் வந்தன. எந்த விதி வந்தாலும் நாம் கேட்க வேண்டியவை மூன்று. நம் ஊர்க் குழுவில் யார் யார்? பதிவேடு எங்கே? அதை எழுதியபோது சேரிக்கும் இருளர் குடியிருப்புக்கும் யாராவது வந்தார்களா? கிராமசபையில் கேட்கலாம், வார்டு கூட்டத்தில் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம்.

தீர்மானம் 1924இல் வந்தது. தண்ணீர் கைக்கு வந்தது, நாம் நடந்து போன பிறகு.