தொண்ணூறிலும் தொடைக்கு வலு ஏறும்

“வயசாச்சு, பேசாம உட்காருங்க” என்று பெற்றோரைப் பிள்ளைகள் அதட்டுவது பாசத்தில்தான். ஆனால் தசைக்கு அந்தப் பாசம் ஆகாது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் மருத்துவமனை ஒன்றில் தங்கியிருந்த 10 பேரை மருத்துவர் மரியா ஃபியாட்டரோன் குழுவினர் எடைப் பயிற்சியில் இறக்கினார்கள். சராசரி வயது 90. வாரம் 3 நாள், 8 வாரம், காலால் தூக்க முடிந்த உச்ச எடையில் 80 சதவீதம்வரை. 9 பேர் முழுதாக முடித்தார்கள். தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. 2 பேர் கைத்தடியையே விட்டார்கள். 1990-ல் வெளியான இந்த ஆய்வு, முதுமையில் போன தசை போனதுதான் என்ற எண்ணத்தை ஆட்டிவைத்தது.

முப்பதைத் தாண்டியதுமே பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் தசை குறைகிறது. அறுபதுக்குப் பின் வேகம் கூடுகிறது. தசையும் வலுவும் அளவுக்கு மீறிக் குறைந்தால் அது ‘சார்கோபீனியா’. எடை பார்க்கும் கருவி இதைக் காட்டிக்கொடுக்காது; தசை போன இடத்தில் கொழுப்பு சேர்ந்து எடை அப்படியே நிற்கலாம்.

அதிகம் தேய்பவை சட்டென்று இயங்கும் வேக இழைகள். கால் இடறினால் சுதாரிக்க உதவுபவை அவைதான். அவை தேய்ந்தவர் குளியலறையில் சறுக்கினால் விழுந்தே விடுகிறார், இடுப்பெலும்பு முறிகிறது. படுக்கையில் கிடந்தால் மிச்சமும் கரையும். ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கவைத்த ஆய்வொன்றில், கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை போயிற்று. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வதும் தசைதான். அது சுருங்கினால் சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைப்பது கடினம்.

வீட்டிலேயே சோதிக்கலாம். பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொண்டு, கைகளை மார்பில் கட்டியபடி நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காருங்கள். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும் என்கிறது ஆசிய மருத்துவர்களின் 2019 வழிகாட்டுதல்.

முதியவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தினமும் தேவை. ராத்திரிக்கு ரெண்டு இட்லி, காலையில் கஞ்சி என்று ஒப்பேற்றினால் அது எட்டாது. முட்டை, மீன், சுண்டல், பயறு, தயிர் வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுச் சாப்பிடுங்கள்.

சத்து மட்டும் போதாது. ஃபியாட்டரோன் குழு 1994-ல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி இல்லாமல் சத்துபானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலன் இல்லை. நடைப்பயிற்சியோடு, நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, எடை தூக்குவது என்று தசைக்குச் சுமை கொடுக்க வேண்டும். இதயநோய், மூட்டுவலி உள்ளவர்கள் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் தொடங்கலாம்.

தொடங்கினால் விடக்கூடாது. பாஸ்டன் முதியவர்கள் பயிற்சியை நிறுத்திய 4 வாரத்திலேயே வலு 32 சதவீதம் இறங்கிவிட்டது.