காதில் ஊசி குத்தினால் வெயிட் குறையுமா?

தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), புதுச்சேரியில் 100 பெண்களில் சுமார் 46 பேருக்கு அதிக எடை அல்லது உடல் பருமன். 'ஊசி குத்தினா வெயிட் குறையும்' என்ற பேச்சுக்கு மவுசு இருப்பதில் ஆச்சரியமில்லை.

பலன் உண்டா?
அக்குபஞ்சர் சீனாவுடையது. காதை மட்டும் மையமாக வைக்கும் முறையை 1950-களில் உருவாக்கியவர் பிரெஞ்சு மருத்துவர் பால் நோஜியே. காதுப் புள்ளிகளைத் தூண்டினால் பசி அடங்கும் என்பது நம்பிக்கை. சில சிறிய ஆய்வுகளில் எடை கொஞ்சம் குறைந்தது. ஆனால் பலவற்றில் உணவுக் கட்டுப்பாடும் சேர்ந்திருந்ததால், ஊசியின் பங்கு எவ்வளவு என்பது தெளிவாகவில்லை.

ஆபத்து எங்கே?
ஊசியைவிட, கூடவே தரும் மூலிகை மருந்தில். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், எடை குறைக்க சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்கு சிறுநீரகம் செயலிழந்தது. வேறொரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா கலந்துவிட்டதே காரணம். நம்மூர் ஆடுதீண்டாப்பாளையும் அதே பேரினம்தான்.

என்ன கேட்கணும்?
அக்குபஞ்சரை மத்திய அரசு 2019-ல் தனி சிகிச்சை முறையாக அங்கீகரித்தது. எடை குறையும் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. சிகிச்சையாளரின் தகுதி என்ன, ஊசி புதுசா, மருந்தில் என்னென்ன இருக்கு என மூன்றையும் கேளுங்க. பெயர் சொல்லாத பொடியைத் தொடாதீங்க. சுகர், பிபி மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் நிறுத்தாதீங்க.