'இன்னிக்குப் பறக்க வேண்டாம்!' - பாராகிளைடிங் டூரில் நல்ல கைடை அடையாளம் காண்பது எப்படி?

தீபாவளி போனஸ் கைக்கு வந்து, பனியன் கம்பெனிகளுக்கு லீவு விட்டதும் ஊத்துக்குளி, திருப்பூர் பக்கம் குடும்பம் குடும்பமாக டூர் கிளம்புவது வழக்கம். ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பார்த்தாச்சு, இந்த முறை வெளிநாடு என்று யோசிப்பவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது நேபாளம். அங்கே போகிறவர்களை அதிகம் இழுப்பது பொக்காராவின் பாராகிளைடிங்.

மழை ஓய்ந்து வானம் தெளியும் அக்டோபர், நவம்பர்தான் அங்கே நல்ல சீசன். நம்முடைய தீபாவளி லீவும் அதே சமயத்தில் வருகிறது. சுமார் 1,600 மீட்டர் உயரமுள்ள சாரங்கோட் மலையிலிருந்து கிளம்பினால், ஒரு பக்கம் அன்னபூர்ணா மலைத்தொடரும் 6,993 மீட்டர் உயர மச்சாபுச்சரே சிகரமும் தெரியும். கீழே பேவா ஏரி. பறக்கத் தெரியாதவர்களும் பறக்கலாம். பயணி முன்னால், உரிமம் பெற்ற பைலட் பின்னால் என இருவராகப் பறக்கும் இந்த முறைக்கு டாண்டம் என்று பெயர்.

இப்படி ஒரு குழுவை அழைத்துப்போகும் கைடுக்கு என்ன வேலை? டிக்கெட், ஹோட்டல், நேரத்துக்குச் சாப்பாடு என்றுதான் நினைப்போம். ஆனால், பணம் கட்டிவிட்டு ஆசையோடு காத்திருக்கும் இருபது பேரிடம், 'இன்னிக்கு வேண்டாம்' என்று சொல்வதுதான் அவருடைய பெரிய வேலை.

ஆடிக்காற்று உதவாது!

காற்று பலமாக அடித்தால் நன்றாகப் பறக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் பழகிய நமக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனால், சாதாரண பாராகிளைடரின் வேகமே மணிக்கு 35 முதல் 40 கிலோமீட்டர்தான். எதிர்க்காற்று அதைவிட வேகமாக அடித்தால், முன்னே போக முடியாமல் பின்னால் தள்ளப்படும். மலைக்குப் பின்புறம் காற்று சுழன்று அடிக்கும் இடத்தில் மாட்டினால் ஆபத்து.

காரணம், பாராகிளைடரில் விறைப்பான சட்டம் கிடையாது. முக்கியமாகத் துணியும் நூலும்தான். முன்பக்கத் திறப்புகள் வழியாகக் காற்று உள்ளே புகுந்து, துணியை உப்பவைத்து இறக்கையாக்குகிறது. நம் ஊர் பனியன் துணி பின்னல் துணி. அதில் காற்று தாராளமாகப் போய்வரும். இதுவோ காற்று கசியாதபடி பூச்சு கொடுத்து நெய்த நைலான். கிழிசல் பரவாமல் இருக்கக் கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடும். வெயிலில் கிடந்து பழசானால் இந்தத் துணி காற்றைக் கசியவிடும், வலுவும் குறையும். அதனால் பாராகிளைடர் எத்தனை வருஷம் ஓடியது, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று கைடு கேட்டே ஆக வேண்டும்.

மேகம் இழுத்தால்...

2007 பிப்ரவரி. ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் உலக சாம்பியன்ஷிப்புக்காகப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஜெர்மனி அணி வீராங்கனை ஈவா விஸ்னியர்ஸ்காவை இடிமேகம் ஒன்று உள்ளே இழுத்துக்கொண்டது. 9,946 மீட்டர் உயரம்வரை தூக்கிச் சென்றது. எவரெஸ்ட் சிகரத்தைவிட உயரம்! அரை மணி நேரத்துக்கும் மேலாக மயக்கத்திலேயே பறந்து, உடம்பெல்லாம் பனி உறைந்து, எப்படியோ உயிர்தப்பினார். அதே நாள் அதே புயலில் சிக்கிய சீன வீரர் ஒருவர் இறந்துபோனார்.

உலக அளவில் பறந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், வாழ்க்கையில் முதல்முறை பறப்பவரின் நிலை? தூரத்தில் மேகம் கருக்கும்போதே ஆட்களைக் கீழே இறக்குவதுதான் சரி. இமாச்சலப் பிரதேசத்தில் மழைக்காலத்தில், ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை, பாராகிளைடிங்குக்கே தடை. 2015-ல் உலகக் கோப்பைப் போட்டி நடந்த பீர் பில்லிங்குக்கும் இதே விதிதான்.

'ஓடுங்க... உட்காராதீங்க!'

வெளிநாட்டில் இன்னொரு சிக்கல், மொழி. டாண்டமில் கிளம்பும்போது பயணியும் சரிவில் சில அடிகள் ஓட வேண்டும். பைலட் இங்கிலீஷில் 'ரன், ரன்' என்று கத்துவார். பயத்தில் பாதியில் உட்கார்ந்துவிட்டால் இருவருமே விழ வேண்டியதுதான். 'கால் தரையை விடும்வரை ஓடுங்க, அவர் சொல்லும்வரை உட்காராதீங்க' என்று முந்தின நாளே தமிழில் சொல்லிப் பழக்க வேண்டியது நம் ஊர் கைடின் பொறுப்பு.

நாமும் சிலவற்றை மறைக்கக் கூடாது. எடையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். எடையை வைத்துத்தான் பாராகிளைடரைத் தேர்வு செய்கிறார்கள். இதய நோய், முதுகு ஆபரேஷன், கர்ப்பம் இருந்தால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சேலையும் செருப்பும் இதற்குச் சரிவராது. பேன்ட்டும் ஷூவும் அவசியம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

* காற்று சரியில்லாமல் பறக்க முடியாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? அதை எழுத்தில் தருவார்களா?

* பொக்காராவில் கூடுதலாக ஒரு நாளாவது இருக்கிறதா? 'இன்று விட்டால் நாளை கிடையாது' என்ற அவசரம்தான் கைடையும் பைலட்டையும் தப்பான முடிவுக்குத் தள்ளும்.

* பைலட்டிடம் அந்த நாட்டு உரிமம் இருக்கிறதா? அவசரகால பாராசூட் உண்டா?

* டிராவல் இன்ஷூரன்ஸில் பாராகிளைடிங் சேருமா? பல பாலிசிகளில் சாகச விளையாட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

* பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கையில் இருக்கிறதா? நேபாளத்துக்குப் பெரியவர்களுக்குப் பொதுவாக ஆதார் மட்டும் போதாது.

இத்தனையும் பார்த்துப் போன பிறகும், மலை உச்சியில் நின்று கைடு 'இன்னிக்கு வேண்டாம்' என்று சொல்லலாம். கோபம் வரும். 'அவ்வளவு காசு கொடுத்திருக்கோம்' என்று வாய்வரை வரும். அந்த இடத்தில் சண்டை போடாமல் கீழே இறங்கி, ஏரிக்கரையில் டீ சாப்பிடுங்கள். உங்கள் பிள்ளைகளைப் பத்திரமாக ஊருக்குத் திருப்பி அழைத்துவருவதற்கும் சேர்த்துத்தான் அவருக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.