4.00 மட்டும் போதுமா?

ஒவ்வோர் ஆண்டும் எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவு வெளியானதும் நம் நாளிதழ்களில் இரண்டு வகைச் செய்திகள் வரும். முதல் வாரத்தில் 4.00 எடுத்த மாணவர் பெற்றோரோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படம். சில மாதங்கள் கழித்து, அதே 4.00 எடுத்த இன்னொரு மாணவர் கேட்ட துறை கிடைக்கவில்லை என்று மனம் நொந்து பேசும் செய்தி. இரண்டாவதைப் படித்தவுடன் நம் வீட்டுப் பெரியவர்கள், "நமக்கெல்லாம் எங்க கொடுக்கப் போறான்!" என்று பத்திரிகையை மடித்து வைத்துவிடுவார்கள். அந்த ஆதங்கத்துக்குப் பின்னால் வரலாறு இருக்கிறது. பொதுப் பல்கலைக்கழக நுழைவில் இன ஒதுக்கீட்டு முறை இருந்ததும், 2002இல் தகுதி அடிப்படை என்னும் முறை வந்ததும், முன்னாள் மாணவர்களான அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கணக்கு தெரியாமலேயே நாம் இழக்கும் இடங்களும் இருக்கின்றன. இக்கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

அமெரிக்காவின் ஹார்வர்ட் போன்ற இடங்களில் மாணவர் எழுதும் கட்டுரை, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், பள்ளிக்கு வெளியே செய்த காரியங்கள் எல்லாவற்றையும் அதிகாரிகள் படித்துப் பார்த்துச் சேர்க்கிறார்கள். அங்கே இனத்தைக் கணக்கில் எடுப்பது கூடாது என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் யூ.பி.யூ. வழியாக விண்ணப்பிக்கும்போது கட்டுரை எதுவும் கிடையாது. நம்மைப் பற்றி நாமே நாலு வரி சொல்லிக்கொள்ள ஒரு கட்டம்கூட இல்லை. நமக்காகப் பேசுவது ஒரே ஓர் எண்தான்: மெரிட் எனப்படும் தகுதிப் புள்ளி. அதில் 90 விழுக்காடு கல்வி, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை.

இந்தப் பத்தைத்தான் நம்மவர்கள் பலர் 'சும்மா பத்து' என்று நினைக்கிறார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எஸ்.டி.பி.எம்மில் நான்கு பாடத்திலும் ஏ எடுத்தால் சராசரி 4.00, அது 90 புள்ளி. ஒரு பாடத்தில் மட்டும் ஏ மைனஸ் வந்தால் சராசரி 3.92, அதை நான்கால் வகுத்துத் தொண்ணூறால் பெருக்கினால் 88.2. அதாவது, ஓர் ஏ மைனஸ் நம்மிடமிருந்து பறிப்பது 1.8 புள்ளி. இப்போது 4.00 எடுத்த ஒருவருக்குப் புறப்பாடத்தில் பத்துக்கு 6.5 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 96.5. 3.92 எடுத்த மற்றொருவருக்குப் புறப்பாடத்தில் 9.2 என்றால் மொத்தம் 97.4. இரவெல்லாம் கண் விழித்து அந்த ஓர் ஏ மைனசைத் துரத்தியவர் பின்னால் நிற்கிறார். புதன்கிழமை மதியம் கொடி பிடித்து அணிவகுத்தவர் முன்னால் நிற்கிறார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 4.00 எடுப்பவர்கள் ஆண்டுதோறும் எஸ்.டி.பி.எம்மில் மட்டுமே நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். மெட்ரிகுலேஷனில் இருந்தும் 4.00 வருகிறது. அவர்கள் அத்தனை பேருக்கும் கல்விப் புள்ளி ஒரே 90தான். மருத்துவம், சட்டம், கணக்கியல் போன்ற துறைகளில் இவர்களை ஒருவருக்கொருவர் வேறுபடுத்த மிஞ்சியிருப்பது அந்தப் பத்தும், நேர்காணலும் மட்டுமே.

அப்படியானால் அந்தப் பத்து எங்கிருந்து வருகிறது? சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு என்று மூன்று பிரிவு. ஒவ்வொன்றிலும் வருகை, வகித்த பொறுப்பு, எந்த நிலை வரை போனோம், என்ன வென்றோம் என்று பார்க்கிறார்கள். பள்ளி அளவு, மாவட்டம், மாநிலம், தேசியம், அனைத்துலகம் என்று படி ஏற ஏறப் புள்ளியும் ஏறும். நம் மாணவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்றால், தமிழ்மொழிக் கழகத்தில் உயிரைக் கொடுத்து உழைப்பார்கள்; பேச்சுப் போட்டி, பொங்கல் விழா, மேடை அலங்காரம் எல்லாம் அவர்களே. சீருடை இயக்கத்தில் பெயர் மட்டும் இருக்கும். விளையாட்டில் அதுவும் இருக்காது, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. கழகத்தில் முழுப் புள்ளி வாங்கினாலும், மற்ற இரண்டும் கீழே இழுத்துவிடும். ஓட முடியாதவர் சதுரங்கம் ஆடலாமே! அதுவும் விளையாட்டுக் கணக்கில் வருமா என்பதை உங்கள் பள்ளி ஆசிரியரிடம் முதல் மாதமே கேட்டுவிடுங்கள். கட்டணம் கட்டினால் 'அனைத்துலக' சான்றிதழ் அனுப்பிவைக்கும் இணையப் போட்டிகள் இப்போது நிறைய முளைத்திருக்கின்றன. பணம் கட்டும் முன் அதைப் பள்ளி ஏற்குமா என்பதையும் கேளுங்கள்.

இதைச் சொல்வது சுலபம். நான் லூமுட்டில் வளர்ந்தவள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி, ஆறாம் படிவத்துக்குச் சித்தியவான் பக்கம் போனேன். என்னோடு படித்தவர்களில் சிலர் ஆயர் தாவாருக்கும் பந்தாய் ரெமிசுக்கும் உள்ளே, செம்பனைக் காட்டு வழியில் இருந்து வருபவர்கள். பள்ளி வேன் மதியம் ஒரு முறைதான். புறப்பாட நடவடிக்கைக்கு நின்றால் வேன் போய்விடும். அதன்பின் பேருந்து கிடைக்க வேண்டும், கிடைத்தாலும் பெரிய சாலையில் இறக்கிவிடும். அங்கிருந்து உள்ளே போக யாராவது மோட்டார் சைக்கிளில் வந்து ஏற்ற வேண்டும். அப்பா லாரி ஓட்டப் போயிருப்பார், அம்மா தொழிற்சாலையில் ஷிப்டில் இருப்பார். அந்தப் பிள்ளை வேனில் ஏறிப் போனதைச் சோம்பேறித்தனம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் வருகைப் பதிவேட்டில் ஒரு சுழிதான் விழும். என் அப்பா கடற்படைத் தளத்தில் குத்தகை வேலை செய்தவர். புதன்கிழமைகளில் வேலை முடிந்து என்னை ஏற்ற வர ஆறரை ஆகும். நான் காத்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தையும் சேர்த்துத்தான் எனக்குப் புறப்பாடப் புள்ளி கிடைத்தது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தமிழ்நாட்டில் இதற்கு வேறு ஒரு விடை தேடினார்கள். நீட் தேர்வில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பின்தங்குவதைப் பார்த்து, 2020இல் அவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடு கொண்டுவந்தார்கள். இங்கும் பி40 குடும்பப் பிள்ளைகள், மாற்றுத்திறனாளிகள், பூர்வகுடியினர், விளையாட்டு வீரர்கள் ஆகியோருக்கு யூ.பி.யூ.வில் சிறப்பு வழி உண்டு. ஆகவே குடும்ப வருமான விவரத்தை ஏனோதானோ என்று நிரப்பக்கூடாது. ஆனாலும் தகுதிப் புள்ளிக் கணக்கில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்துக்கு இடமில்லை. பணம் உள்ளவர்களுக்கு வேறு வாசலும் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 'சாத்து' என்ற தனி வழி உண்டு. கட்டணம் பல மடங்கு. மலாயில் சாத்து என்றால் 'ஒன்று'. நமக்கு அது இரண்டாவது வாசலாகத்தான் தெரிகிறது.

மெட்ரிகுலேஷன் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டு, மூன்று பருவம். மெட்ரிகுலேஷன் பெரும்பாலோர்க்கு ஓராண்டு. அங்கே 90 விழுக்காடு பூமிபுத்ரா, 10 விழுக்காடு மற்றவர் என்ற ஒதுக்கீட்டை 2019இல் அமைச்சரவை உறுதிப்படுத்தியது. எஸ்.பி.எம்மில் 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுப்பவர்க்கு இனம் பாராமல் இடம் என்று 2024இல் பிரதமர் அறிவித்தார். கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் ஆறாம் படிவம் ஒன்றும் தண்டனை அல்ல. பருவத் தேர்வு ஒன்றில் சறுக்கினால் மறுபடி எழுதவும் அதில் வழி இருக்கிறது.

இனி நேர்காணல். ஆசிரியர் கல்வி போன்ற பல துறைகளுக்கு நேர்காணல் கட்டாயம். 2025இல் 4.00 எடுத்தும் கேட்ட துறை கிடைக்காத ஒரு மாணவரைப் பற்றி நாடே பேசியது. அதுவும் நேர்காணல் உள்ள துறைதான். தகுதிப் புள்ளி அந்த அறைக் கதவு வரை கொண்டுபோய் விடும். உள்ளே நாம்தான் பேச வேண்டும், அதுவும் மலாயிலும் ஆங்கிலத்திலும். தமிழ்ப்பள்ளியில் படித்த நமக்கு விடை தெரியாமல் இருப்பதில்லை. தலையில் தமிழில் உருவாகிய விடையை மலாயில் இறக்குவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. என் நேர்காணலில் முதல் கேள்வியே, "லூமுட்டா? பங்கோர் படகுத்துறையைத் தவிர அங்கே என்ன இருக்கிறது?" என்பதுதான். புத்தகத்தில் இல்லாத கேள்வி. நான் எங்கள் தமிழ்ப்பள்ளியின் பிள்ளைகளைப் பற்றியும், முதலாம் படிவத்துக்குப் போனதும் அவர்கள் வாய் திறக்கத் தயங்குவதைப் பற்றியும் சொன்னேன். கல்வித்துறைக்கு ஏன் விண்ணப்பித்தாய் என்ற அடுத்த கேள்விக்கும் அதுவே பாதி விடையாகிவிட்டது. இப்படிப் பேச எனக்கு வந்தது, முன்பின் தெரியாத ஓர் அக்கா இரண்டு இரவு தொலைபேசியில் மலாயிலேயே கேள்வி கேட்டுப் பழக்கியதால்தான். அவரும் எங்கள் மாவட்டத்துக்காரர், அப்போது பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு.

தெரிவுகளை வரிசைப்படுத்துவதும் ஒரு கலை. பன்னிரண்டு தெரிவு இருக்கிறது என்பதற்காகப் பன்னிரண்டிலும் மருத்துவத்தையே நிரப்பினால், ஒன்றும் கிடைக்காமல் போகவோ, கேட்காத துறை வந்து சேரவோ கூடும். கடந்த ஆண்டுகளின் தகுதிப் புள்ளி நிலையைப் பார்த்து, எட்டக்கூடியதையும் நடுவில் வையுங்கள்.

நம் கழகத் தோழர்களிடம் ஒரு கோரிக்கை. பருவ விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, நாம் படித்த ஆறாம் படிவப் பள்ளிக்கு ஒரு மணி நேரம் போய்வருவோம். தன்முனைப்பு உரை வேண்டாம். அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நம்முடைய புறப்பாடப் புள்ளித் தாளின் நகல் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், எந்தக் கட்டத்தில் எவ்வளவு விழுந்தது, எங்கே போனது என்று காட்டுவோம். கீழ் ஆறாம் படிவத்தின் முதல் மாதத்திலேயே போவது நல்லது. மூன்றாம் பருவத்தில் போனால் பதிவேடு ஏறக்குறைய மூடப்பட்டிருக்கும்.