தீப்பொறியின் வேளை

ஊஞ்சலில் ஆடும் குழந்தையைத் தள்ளிவிடுவோர் ஒரு நுட்பத்தை இயல்பாகவே அறிந்துள்ளனர். ஊஞ்சல் தம்மை நோக்கி வந்து, மீளத் தொடங்கும் நொடியில் தள்ளினால் சிறு விசையே போதும். ஊஞ்சல் உயர்ந்து ஆடும். அது வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால் ஆட்டம் தடைப்படும், கையும் நோகும். மிகப் பிந்தித் தள்ளினாலோ விசையின் பெரும்பகுதி வீணாகும். மோட்டார் வண்டியின் எஞ்சினுக்குள்ளும் இத்தகைய வேளைக் கணக்கு ஒன்று உண்டு. பணிமனைகளில் அதனை ‘டைமிங்’ என்பர். பழைய வண்டிகளில் அதனை எவ்வாறு சோதித்துச் சீர்செய்வர் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

1876-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான நிக்கோலஸ் ஆட்டோ நான்கு வீச்சு எஞ்சினை இயக்கிக் காட்டினார். பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் அம்முறையையே பின்பற்றுகின்றன. உருளை வடிவான அறையினுள் பிஸ்டன் மேலும் கீழுமாக இயங்குகிறது. முதல் வீச்சில் பெட்ரோல் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவை உள்ளே இழுக்கப்படுகிறது. இரண்டாம் வீச்சில் பிஸ்டன் மேலேறிக் கலவையை அமுக்குகிறது. பிளக்கின் முனையில் எழும் தீப்பொறியால் கலவை எரிய, விரியும் வாயு பிஸ்டனைக் கீழே உந்துகிறது. இம்மூன்றாம் வீச்சே வண்டிக்கு ஆற்றல் தருவது. நான்காம் வீச்சில் எரிந்த புகை வெளியேறுகிறது.

பிஸ்டன் உச்சியை அடையும் நொடியில் தீப்பொறி எழுதல் வேண்டும் என்று நமக்குத் தோன்றும். உண்மை அதுவன்று. கலவை எரிவதற்குச் சிறிது காலம் வேண்டும். அக்காலத்தை ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு எனக் கொள்வோம். நிமிடத்திற்கு 600 முறை சுழலும் எஞ்சினில், அச்சிறு காலத்திற்குள் சுழல்தண்டு ஏறத்தாழ 7 பாகை திரும்பிவிடும். 3000 முறை சுழலும்போதோ 36 பாகை திரும்பிவிடும். ஆதலின் பிஸ்டன் உச்சியை எட்டும் முன்னரே தீப்பொறி எழ வேண்டும். வேகம் கூடக்கூட அது மேலும் முந்த வேண்டும்.

வேளை தவறினால் விளைவது யாது? தீப்பொறி மிக முந்தினால், மேலேறும் பிஸ்டனை எரிவாயு எதிர்த்துத் தாக்கும். உலோகத்தில் சுத்தி கொண்டு தட்டுவது போன்ற ஓசை கேட்கும். அவ்வோசையைப் பொருட்படுத்தாது ஓட்டினால் பிஸ்டனே சிதையக்கூடும். தீப்பொறி பிந்தினால் வண்டி மேட்டில் ஏறத் திணறும், பெட்ரோல் வீணாகும், எஞ்சின் அளவுமீறிச் சூடேறும்.

தீப்பொறியை எழுப்பும் அமைப்பையும் அறிதல் வேண்டும். மின்கலத்தின் 12 வோல்ட் அழுத்தம் பிளக்கின் இடைவெளியைத் தாண்டப் போதாது. எனவே மின்னோட்டத்தைக் கம்பிச்சுருள் ஒன்றில் செலுத்தி, இரு தொடுமுனைகளைப் பிரித்து அதனைத் திடீரென அறுப்பர். அப்போது சுருளின் மற்றொரு சுற்றில் 10,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் தோன்றும். தொடுமுனைகள் பிரியும் நொடியே தீப்பொறி எழும் நொடியாகும். இத்தொடுமுனைகளைத் தாங்கி, மின்சாரத்தை உருளைகளுக்கு முறையே பங்கிட்டு அனுப்பும் கருவி டிஸ்ட்ரிபியூட்டர் எனப்படும்.

2014 வரை நம் நாட்டில் உருவாக்கப்பட்ட அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்வோம். அதில் நெடுங்காலம் பொருத்தப்பட்டிருந்த 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினுக்கு நான்கு உருளைகள் உண்டு. அவை 1, 3, 4, 2 என்னும் வரிசையில் எரியும். வேலையைத் தொடங்குவோர் முதலில் தொடுமுனைகளின் இடைவெளியைத் தகட்டளவியால் அளந்து, ஏறத்தாழ 0.015 அங்குலமாக அமைப்பர். இடைவெளி மாறினால் முனைகள் பிரியும் வேளையும் மாறுமாதலின், இதனை முதலிற் செய்தல் இன்றியமையாதது.

பின்னர் முதல் உருளையின் பிளக்கைக் கழற்றித் துளையை விரலால் மூடி, எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றுவர். காற்று விரலைத் தள்ளினால் அஃது அமுக்க வீச்சு என்பது தெளிவு. முன்புறக் கப்பியிலுள்ள வெட்டுக்குறி, அவ்வெஞ்சினுக்குரிய கையேடு கூறும் பாகையில் நிற்குமாறு சுழற்றி நிறுத்துவர். 12 வோல்ட் சிறுவிளக்கு ஒன்றின் ஒரு கம்பியை டிஸ்ட்ரிபியூட்டரின் தாழ்அழுத்த முனையிலும், மற்றதை எஞ்சினின் உலோகப் பகுதியிலும் இணைத்துச் சாவியைத் திருப்புவர். முனைகள் சேர்ந்திருக்கும்வரை விளக்கு எரியாது, பிரிந்தவுடன் ஒளிவிடும். பிடிதிருகைத் தளர்த்தி, விளக்கு ஒளிரத் தொடங்கும் இடத்தில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலை நிறுத்தி, மீண்டும் இறுக்குவர். உள்ளே சுழலும் தண்டின் திசைக்கு எதிராக உடலைத் திருப்பினால் தீப்பொறி முந்தும். அத்திசையிலேயே திருப்பினால் பிந்தும்.

எஞ்சின் ஓடும்போது சோதிக்க டைமிங் லைட் என்னும் விளக்கு உதவும். முதல் பிளக்கில் தீப்பொறி எழும்போதெல்லாம் அது ஒருமுறை மின்னும். அவ்வொளியில் சுழலும் குறி அசையாது நிற்பதுபோல் தோன்றும். வேகத்தைக் கூட்டினால் குறி முந்திய பாகைக்கு நகரக் காணலாம். டிஸ்ட்ரிபியூட்டரினுள் இருக்கும் சிறு எடைகள் வேகத்தால் விலகித் தீப்பொறியைத் தாமே முந்தச் செய்வதன் விளைவு இது. ஆயினும் எச்சரிக்கை வேண்டும். நிற்பதுபோல் தோன்றும் கப்பியும் விசிறியும் உண்மையில் கடுவேகத்தில் சுழல்பவை. கண் காட்டும் தோற்றத்தை நம்பிக் கை நீட்டுவோர் விரலை இழக்க நேரிடும்.

இக்காலக் கார்களில் இப்பணியை மின்னணுக் கருவிகள் கணந்தோறும் கணக்கிட்டுச் செய்கின்றன. எனினும் அவை பின்பற்றும் விதி பழையதே. ஒரு சிறுவிளக்கையும் ஒரு திருகையும் துணையாகக் கொண்டு, கண் இமைக்கும் நேரத்தினும் மிகச் சிறியதொரு காலத்தைத் தன் கையால் அளந்து நிறுத்தும் தொழிலாளியின் செயல், பொறுமையும் அறிவும் ஒருங்கே வாய்ந்த அரிய செயலாகும்.