நிலவருகே நேர்ந்த நினைவகப் பஞ்சம்

1969 ஜூலை 20. ஆம்ஸ்ட்ராங்கையும் ஆல்ட்ரினையும் சுமந்து ஈகிள் கலம் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தது. தரைக்குச் சுமார் 10 கிலோமீட்டர் இருக்கையில் அதன் கணிப்பொறி 1202 என்ற எச்சரிக்கை எண்ணைக் காட்டியது. ‘புதிய பணிக்குக் கொடுக்க நினைவகத்தில் இடமில்லை’ என்பது அதன் பொருள்.

அந்தக் கணிப்பொறியில் எழுதி அழிக்கத்தக்க நினைவகம் 2,048 ‘சொற்கள்’ மட்டுமே. பல பணிகள் அதை மாறி மாறிப் பயன்படுத்தின. ஒவ்வொரு பணியும் தொடங்கும்போது 12 சொற்கள் கொண்ட ஓர் அறையைப் பெறும். முடிந்ததும் திருப்பித் தரும்.

நம் கல்லூரிச் சோதனைச்சாலையை எண்ணிப் பாருங்கள். மேசைகள் சிலவே. மணி அடித்த பின்னும் முதல் குழுவினர் ஊசலின் அலைவுகளை எண்ணிக்கொண்டே இருந்தால் அடுத்த குழு எங்கே நிற்பது? (இது நடக்காத ஆண்டே இல்லை!)

ஈகிளிலும் இதுவே நடந்தது. அப்போது தேவைப்படாத ஒரு ராடாரிலிருந்து பொய்த் துடிப்புகள் வந்துகொண்டிருந்தன. இரு மின்வழங்கிகளின் அதிர்வெண் ஒன்றாக இருந்தும் கட்டம் ஒத்துப்போகாததே காரணம். அத்துடிப்புகளை எண்ணுவதிலேயே கணிப்பொறியின் நேரத்தில் சுமார் 13 சதவீதம் வீணாயிற்று. இரண்டு விநாடிக்கு ஒருமுறை தொடங்கும் வழிகாட்டும் கணக்கு முடிவதற்குள் அடுத்த கணக்கு வந்து நின்றது. பழையது அறையை விடவில்லை. புதியது இன்னோர் அறையைக் கேட்டது. அறைகள் தீர்ந்தன.

கணிப்பொறி செயலற்றுப் போயிருக்கலாம். ஆனால் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தார் முன்பே வழி செய்திருந்தனர். இடமில்லை என்றதும் எல்லாப் பணிகளையும் கைவிட்டு அறைகளைக் காலி செய். பிறகு இன்றியமையாத பணிகளை மட்டும், குறித்துவைத்த இடத்திலிருந்து தொடங்கு! கலத்தின் இருப்பிடமும் வேகமும் தனியே காக்கப்பட்டன. இறங்குகையில் ஐந்து முறை எச்சரிக்கை வந்தது. ஹூஸ்டனில் ஜாக் கார்மன் என்ற இளைஞர், அடிக்கடி வராதவரை அஞ்ச வேண்டாம் என்றார். ஈகிள் பத்திரமாக இறங்கியது.

இன்று ஒரே புரோகிராமுக்குள் பல இழைகள் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இடம் கிடைக்காத இழை வெறுமனே நின்றுவிட்டால் போதாது. தான் போட்ட பூட்டைத் திறக்காமல் நின்றால், அதற்காகக் காத்திருக்கும் மற்ற இழைகளும் முடங்கிவிடும். பாதியில் நிறுத்திய கணக்கைப் பிற இழைகள் உண்மையென நம்பிவிடுவது அதைவிட மோசம். எனவே விமானக் கட்டுப்பாடு போன்ற புரோகிராம்களில், வேண்டிய இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டு, பின்னர் கேட்பதையே பெரும்பாலும் தவிர்க்கிறார்கள்.