997-க்கு அழைத்தால் என்ன நடக்கும்? வங்கியும் போலீசும் தகவல் பகிர்வது எப்படி?

கிள்ளானில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு ஓர் அழைப்பு வருகிறது. "உங்க பேர்ல கேஸ் இருக்கு, உடனே பணத்தை மாத்துங்க" என்கிறது மறுமுனை. பயந்துபோய் அவரும் அனுப்பிவிடுகிறார். உங்களுக்கு விஷயம் தெரிவதற்குள் அந்தப் பணம் நான்கைந்து கணக்குகளைத் தாண்டியிருக்கலாம்.

இங்கே ஒரு வங்கியால் மட்டும் எதுவும் செய்ய முடியாது. ஏன்? பணம் போய்ச் சேர்ந்த முதல் கணக்குதான் அம்மாவின் வங்கிக்குத் தெரியும். அதற்கு அடுத்த கணக்கு வேறொரு வங்கியில். விசாரித்துக் கைது செய்யும் அதிகாரமோ போலீசிடம்.

997 எதற்கு?

இந்த இடைவெளியை அடைக்கத்தான் 2022 அக்டோபரில் தேசிய மோசடி பதிலளிப்பு மையம், என்.எஸ்.ஆர்.சி தொடங்கப்பட்டது. போலீஸ், பேங்க் நெகாரா, தேசிய நிதிக் குற்றத் தடுப்பு மையம், எம்.சி.எம்.சி, வங்கிகள், தொலைத்தொடர்பு நிறுவனங்கள் எல்லாம் இதில் இணைந்துள்ளன. பணம் கடந்து போகும் வழியைக் கண்டுபிடித்து, மிச்சம் இருப்பதையாவது முடக்குவதே நோக்கம். இந்தத் தேடலை வேகப்படுத்த, பேங்க் நெகாராவும் பேநெட்டும் 2024-இல் தேசிய மோசடித் தளத்தைக் கொண்டுவந்தன.

வங்கி ரகசியம் என்னாவது?

வாடிக்கையாளர் விவரத்தை வங்கிகள் இஷ்டத்துக்கு வெளியிட முடியாது. 2013 நிதிச் சேவைகள் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால், சட்டப்படியான விசாரணைக்கு விதிவிலக்கு உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் பணச் சலவைத் தடுப்புச் சட்டம், அதாவது அம்லா. இதன்படி, சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனையை வங்கிகள் பேங்க் நெகாராவின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அங்கே அலசப்படும் தகவல், தேவைப்பட்டால் போலீஸ் போன்ற அமலாக்கத் தரப்புகளுக்குப் போகும். அப்படிப் புகார் செய்ததைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்வதே குற்றம். கவுண்டரில் நீங்கள் எத்தனை முறை கேட்டாலும் ஊழியர் வாய் திறக்க மாட்டார்.

உங்களுக்கும் இதில் பங்கு உண்டு

"ஏ.டி.எம் கார்டைக் கொஞ்ச நாள் கொடு, காசு தரேன்" என்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு நண்பர் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், மறுத்துவிடுங்கள். அதுதான் 'அக்காவுன் கெல்டாய்', கழுதைக் கணக்கு. பணத்தின் தடத்தைத் தேடும் போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்குக்காரரின் வாசலில்தான். 2024-இல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே 424ஏ முதலான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. சிறை, அபராதம் இரண்டுக்கும் இடமுண்டு.

ஏமாந்துவிட்டால்?

- உடனே உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கோ 997-க்கோ அழையுங்கள்.
- 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்யுங்கள். விசாரணைக்கு அதுவே அடிப்படை.
- அறியாத கணக்குக்குப் பணம் அனுப்பும் முன், போலீசின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்த எண்ணைச் சரிபாருங்கள்.

வெட்கப்பட்டு ஒரு நாள் தள்ளிப்போட்டால், பகிர்வதற்குத் தகவல் இருக்கும். முடக்குவதற்குப் பணம் இருக்காது.